தைராய்டு ஸ்கேன்: வழக்கம் மாறிய கிரேவ்ஸ் நோயில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

கை நடுக்கம், படபடப்பு, எடைக் குறைவு, பிதுங்கிய கண், கழுத்தில் சீரான வீக்கம். இத்தனையும் ஒருவரிடமே இருந்து, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) அடிமட்டத்திலும் எஃப்டி4 (தைராய்டு ஹார்மோன்) உச்சத்திலும் இருந்தால், கிரேவ்ஸ் நோய் என்று சொல்ல ஸ்கேன் வேண்டியதில்லை. உடலின் சொந்த ஆன்டிபாடியே தைராய்டைத் தூண்டி அளவுக்கு மேல் சுரக்கவைப்பதுதான் இந்த நோய். டிஆர்ஏபி என்ற ஆன்டிபாடி பரிசோதனை ஒன்று போதும். ஆகவே தைராய்டு ஸ்கேன் என்ற சேவையை, அதாவது கதிரியக்க மருந்து கொடுத்துச் சுரப்பி அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும் படத்தை, அந்த நோயாளியை வைத்து எடைபோட முடியாது. அங்கே எந்த மையமும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

சேவையின் தரம் தெரிவது நோய் வேஷம் மாறி வரும்போதுதான். முதியவர் ஒருவர் சோர்ந்து, பசியற்று, மனச்சோர்வு போலத் தெரியும் முகத்துடன், கட்டுக்கடங்காத இதயத் துடிப்போடு வருவார். நடுக்கமும் இருக்காது, கண்ணும் பிதுங்கியிருக்காது. இளைஞர் ஒருவர் இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்து, விடியலில் கால் அசையாமல் வருவார். ரத்தத்தில் பொட்டாசியம் விழுந்திருக்கும். கிழக்காசிய ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இன்னும் சிலர் மஞ்சள் காமாலை, வலது பக்க இதயச் செயலிழப்பு, நிற்காத வாந்தி, ஒரு பக்கம் மட்டும் துருத்திய கண், நெஞ்சுக்குள் கட்டி என்று வெவ்வேறு துறைகளின் கதவைத் தட்டுவார்கள். தைராய்டை அங்கே யாரும் உடனே நினைப்பதில்லை.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஸ்கேன் உண்மையில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஸ்கேனைக் கெடுத்துக்கொண்டு வருவதும் இவர்கள்தான். மூச்சுத்திணறல் என்றதும் நுரையீரல் ரத்தக்குழாய்க்குக் கான்ட்ராஸ்ட் (அயோடின் கலந்த சாயம்) ஏற்றிச் சிடி எடுத்திருப்பார்கள். துடிப்பு தாறுமாறு என்றதும் அமியோடரோன் என்ற, அயோடின் நிறைந்த இதய மருந்தை ஆரம்பித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். சிடியில் ஏற்றும் 100 மில்லி கான்ட்ராஸ்டில் 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. பெரும்பகுதி மருந்தோடு பிணைந்து சிறுநீரில் போய்விடும் என்றாலும், பிரிந்து நிற்கும் துளியே தைராய்டை நிரப்பிவிடும். அதற்குப் பிறகு 6 முதல் 8 வாரம் வரை ஸ்கேன் எடுத்தால், நிரம்பிய சுரப்பி ஸ்கேன் மருந்தை இழுக்காமல் வெறிச்சோடித் தெரியும். ரிப்போர்ட்டில் ‘அழற்சி’ என்று எழுதுவார்கள் (அழற்சியிலும் சுரப்பி இப்படித்தான் வெறுமையாகத் தெரியும்), நோயாளி படபடப்பை மட்டும் அடக்கும் ப்ராப்ரனலால் மாத்திரையோடு வீட்டுக்குப் போவார். உள்ளே கிரேவ்ஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அமியோடரோன் இன்னும் மோசம், மாதக்கணக்கில் உடலைவிட்டுப் போகாது.

எனவே ஒரு மையத்தை மதிப்பிட முதல் அளவுகோல் கேமரா அல்ல, ஊசி போடுவதற்கு முன்பு கேட்கும் கேள்விகள். கடந்த 2 மாதத்தில் கான்ட்ராஸ்ட் சிடி, ஆஞ்சியோகிராம் எடுத்தீர்களா? என்ன மாத்திரை? தைராக்ஸின் சாப்பிடுகிறீர்களா? (சாப்பிட்டால் 3, 4 வாரம் நிறுத்த வேண்டும்.) கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா? கர்ப்பம் என்றால் ஸ்கேன் கிடையாது. டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தால் எடுக்கும் ஸ்கேன் என்றால் தாய்ப்பாலை 12 முதல் 24 மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். இதையெல்லாம் கேட்காமல் நேரே கையை நீட்டச் சொல்லும் இடத்தில் எவ்வளவு புதிய கேமரா இருந்தாலும் பயனில்லை.

டெக்னீஷியம் ஸ்கேன்: பத்துக்கு எட்டு

பெரும்பாலான இடங்களில் நடப்பது டெக்னீஷியம் 99எம் பெர்டெக்னடேட் ஸ்கேன். அயோடினைப் போலவே தைராய்டு இதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் ஹார்மோனாக மாற்றாது. அரை ஆயுள் 6 மணி நேரம், கதிர்வீச்சு குறைவு. நரம்பில் 2 முதல் 10 மில்லிகியூரி ஏற்றி, 15 முதல் 30 நிமிடத்துக்குள் படம் எடுப்பார்கள். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, நேர்ப்படம் ஒன்று, இடமும் வலமும் சாய்வாக ஒவ்வொன்று, மார்பெலும்பின் மேல் பள்ளத்தில் ஒரு குறி. அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். வேகமும் எளிமையும்தான் இதற்கு நான் தாராளமாக மதிப்பெண் கொடுக்கக் காரணம்.

கார்பிமசோல், மெத்திமசோல் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு வசதி. அந்த மாத்திரைகள் தடுப்பது ஹார்மோன் தயாரிப்பை; இழுத்துக்கொள்ளும் வேலையை அல்ல. ஆகவே டெக்னீஷியம் படம் அவ்வளவாகக் கெடுவதில்லை. அயோடின் உறிஞ்சலை அளப்பதாக இருந்தால் மாத்திரையை 3 முதல் 7 நாள் நிறுத்தியாக வேண்டும். உடல் தாங்காத நிலையில் இருப்பவருக்கு அந்த ஒரு வாரம் சின்ன விஷயமில்லை.

கிரேவ்ஸ் என்றால் இரு மடலும் பெருத்து, ஒரே சீராக, அடர்த்தியாகத் தெரியும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் மங்கிப் பின்வாங்கும். சுற்றுப்புறத் திசு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். நடுவிலிருந்து மேலே எழும் பிரமிடு மடல் அடிக்கடி வெளிச்சத்துக்கு வரும்.

மிகப் பெரிய குழி இங்கேதான். கணினித் திரை படத்தைத் தானாகவே சரிக்கட்டும். படத்தில் எது அதிகக் கதிர் வெளியிடுகிறதோ அதை முழுக் கறுப்பாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்பக் காட்டும். பின்ஹோல் கொலிமேட்டரால் (ஊசித்துளை வழியே மட்டும் கதிரை உள்ளே விடும் கேமரா மூடி) தைராய்டை மட்டும் நெருக்கிப் படமெடுத்தால், அரை உயிராகக் கிடக்கும் சுரப்பியும் கொழுத்த கறுப்பாகத் தெரியலாம். அழற்சியில் வெறுமையாக இருக்க வேண்டிய சுரப்பி கிரேவ்ஸ் வேஷம் போடும். தப்பிக்க வழி ஒன்றுதான்: உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி ஒரு படம் எடுப்பது. தைராய்டு அவற்றைவிட எவ்வளவு மேலோங்கி நிற்கிறது என்று பார்த்தால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். நெருக்கப் படம் மட்டும் ஒட்டிய ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்றே சொல்வேன். பின்ஹோல் படத்தில் அளவையும் நம்ப முடியாது. கேமரா கழுத்துக்கு 2 சென்டிமீட்டர் கிட்டே போனாலே சுரப்பி பெரிதாகிவிடும்.

இரண்டாவது, எண் இல்லாத ரிப்போர்ட். ‘உறிஞ்சல் அதிகம்’ என்று சொல் மட்டும் இருக்கும்; சதவீதம் இருக்காது. கணக்கு எளிது. ஊசி போடும் முன்பு நிறைந்த சிரிஞ்சின் கதிரைக் கேமராவில் எண்ண வேண்டும்; போட்ட பிறகு காலிச் சிரிஞ்சின் கதிரை எண்ண வேண்டும்; இரண்டின் வித்தியாசம்தான் உடலுக்குள் போனது. தைராய்டு மேல் வரும் எண்ணிக்கையில் சுற்றுத்திசுவின் பங்கைக் கழித்து, உள்ளே போனதால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். இயல்பு வரம்பு மையத்துக்கு மையம் மாறும், சுமார் 0.5 முதல் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊசி நரம்பைவிட்டு வெளியே கசிந்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும், சுரப்பிக்குப் போகவேண்டியது கையிலேயே தங்கிவிடும். சந்தேகம் வந்தால் ஊசி போட்ட இடத்தை 30 விநாடி படமெடுத்துப் பார்க்கலாம். செய்பவர்கள் குறைவு.

மூன்றாவது சின்ன விஷயம்: எச்சில். விழுங்கிய எச்சிலிலும் டெக்னீஷியம் உண்டு. அது உணவுக்குழாயில் நின்றால் நடுக்கோட்டில் ஒரு நீளக் கீற்று தெரியும். பிரமிடு மடல் என்று எழுதிவிடுவார்கள். ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி எடுத்தால் கீற்று மறைந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்

வழக்கம் மாறிய கிரேவ்ஸில் ஸ்கேன் தன் திறமையைக் காட்டும் இடம் இது. படத்தில் வலது மடல் மட்டும் கறுப்பாக இருக்கிறது, இடப்பக்கம் வெறுமை. மூன்று விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, வலது மடலில் தன்னிச்சையாக இயங்கும் கட்டி டிஎஸ்எச்சை அடக்கி, இடது மடலைத் தூங்கவைத்திருக்கிறது. இரண்டு, இடது மடல் பிறவியிலேயே இல்லை, இருக்கும் அரைச் சுரப்பியில் கிரேவ்ஸ் வந்திருக்கிறது. (பிறவியில் ஒரு மடல் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு இல்லாதது இடது மடல்தான்.) மூன்று, இரு மடலும் இருக்கின்றன, ஆனால் கிரேவ்ஸ் ஒன்றைத்தான் பிடித்திருக்கிறது. மூன்றாவது அபூர்வம், ஆனாலும் உண்டு.

ஸ்கேனால் மட்டும் இதைப் பிரிக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் கையில் எடுத்தால் 5 நிமிடம். இடது மடல் இருக்கிறதா, இல்லையா? வலது மடலுக்குள் எல்லை தெரியும் கட்டி உண்டா, அல்லது மடல் முழுதும் ஒரே சீராகக் கருத்துப் பெருத்திருக்கிறதா? டாப்ளரில் ரத்த ஓட்டம் எந்தப் பக்கம் கொந்தளிக்கிறது? ஸ்கேன் மையமும் ஒரு காரியம் செய்யலாம்: எரியும் மடல் மேல் ஈயத் தகட்டை வைத்து மறைத்து, மறுபக்கத்தைக் கூடுதல் நேரம் படமெடுத்தால், அடங்கிக் கிடக்கும் மடல் மங்கலாகவேனும் எட்டிப்பார்க்கும். இல்லாத மடல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. இதோடு டிஆர்ஏபி பாசிட்டிவ் என்றால் கட்டி என்ற விளக்கம் பின்னுக்குப் போகும். இந்தப் பகுப்பைச் செய்யாமல் ‘நச்சுக் கட்டி’ என்று எழுதி அறுவைக்கு அனுப்புவது, நோயின் வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவது போல.

கிரேவ்ஸும் கட்டியும் ஒரே சுரப்பியில் சேர்ந்தே இருக்கலாம். மரின்-லென்ஹார்ட் நோய்க்குறி என்பது அதுதான். ஹார்மோன் சுரக்கும் கட்டிகளும் கிரேவ்ஸும் ஒன்றாக வாழ்வது. இதில் ஒரு சூட்சுமம்: அந்தக் கட்டிகளில் சில டிஎஸ்எச்சை நம்பி இயங்குபவை. நோய் உச்சத்தில் டிஎஸ்எச் இல்லாததால் அவை ஸ்கேனில் குளிர்ந்து, அதாவது மருந்தை இழுக்காமல் வெறுமையாக, தெரியும். சிகிச்சையில் டிஎஸ்எச் திரும்பியதும் சூடாகிவிடும். முதல் படத்தை வைத்து முடிவெழுதக்கூடாது. அதே வேளை, கிரேவ்ஸ் சுரப்பிக்குள் குளிர்ந்த கட்டி தெரிந்தால் ‘கிரேவ்ஸ்தானே’ என்று கடந்துபோகவும் கூடாது. அல்ட்ராசவுண்டில் அதன் குணம் பார்த்து, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

கழுத்திலேயே சுரப்பி இல்லாவிட்டால்? நாக்கின் வேர்ப்பகுதியில் தங்கிவிட்ட தைராய்டுக்கும் கிரேவ்ஸ் வரும். கழுத்தை மட்டும் சட்டத்துக்குள் வைத்துப் படமெடுத்தவர்கள் ‘உறிஞ்சல் இல்லை’ என்று எழுதுவார்கள். முகவாய்க்கு மேல்வரை ஒரு படம் எடுத்திருந்தால் அகப்பட்டிருக்கும். எப்போதாவது சினைப்பைக் கட்டிக்குள் இருக்கும் தைராய்டு திசுவே ஹார்மோனைக் கொட்டும். அப்போது கழுத்து வெறுமை, இடுப்பில் ஒளி. அயோடின் ஸ்கேனில் மூத்திரப்பையும் ஒளிரும் என்பதால், படத்துக்கு முன்பு சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

அயோடின் உறிஞ்சல்: 24 மணி நேரம் மட்டும் போதாது

அயோடின் 123 அல்லது சிறு அளவு அயோடின் 131 வாயில் கொடுத்து, 4 முதல் 6 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் அளப்பது பழைய, நம்பகமான முறை. 24 மணி நேர இயல்பு சுமார் 10 முதல் 30 சதவீதம். கடுமையான கிரேவ்ஸில் சுரப்பி அயோடினை அசுர வேகத்தில் வாங்கி, ஹார்மோனாக்கி, வெளியே தள்ளிவிடும். 4 மணி நேரத்தில் எண் எகிறி நிற்கும். 24 மணி நேரத்துக்குள் இறங்கி இயல்புக்குள் வந்துவிடும். நோயாளியை மறுநாள் மட்டும் வரச்சொல்லும் மையத்தில் நோய் கைநழுவிப்போவது இப்படித்தான். இரண்டு அளவு எடுக்காத இடத்தில் இந்தச் சேவைக்குப் பத்துக்கு நாலு.

சீரான, உயர்ந்த உறிஞ்சல் என்றாலே கிரேவ்ஸ் என்றும் ஆகாது. கர்ப்பப்பையில் முத்துப்பிள்ளை உருவாகி எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஏறினாலும், பிட்யூட்டரிக் கட்டி டிஎஸ்எச்சைக் கொட்டினாலும் படம் அச்சு அசல் இதேதான். பிட்யூட்டரி விஷயத்தில் டிஎஸ்எச் அடங்காமல் நிற்கும். ஸ்கேன் படத்தின் பக்கத்தில் டிஎஸ்எச் எண்ணை வைத்துப் பார்க்காமல் எழுதிய முடிவை ஏற்கவே வேண்டாம்.

டாப்ளர்: கை நல்லதானால் ஏழு

கதிர்வீச்சு இல்லை, கான்ட்ராஸ்ட் எடுத்திருந்தாலும் கவலையில்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம், அவசரப் பிரிவில் படுக்கைக்கே கொண்டுபோகலாம். பொட்டாசியம் விழுந்து கால் வராமல் கிடப்பவருக்கு வேறெந்த ஸ்கேனுக்கும் நேரமில்லை, டாப்ளர் கைகொடுக்கும். கிரேவ்ஸில் சுரப்பி முழுதும் சிவப்பும் நீலமுமாகக் கொழுந்துவிட்டு எரியும். 1988இல் இதற்குத் ‘தைராய்டு இன்ஃபெர்னோ’ என்றே பெயர் வைத்தார்கள். அழற்சியில் ஓட்டம் குறைந்து சுரப்பி அணைந்த அடுப்பாக இருக்கும். அயோடின் கலந்து உறிஞ்சல் பாழான நோயாளியிடம் இந்த வேறுபாடுதான் கடைசிக் கை.

ஆனால் இது முழுக்க முழுக்கக் கைப்பழக்கம். வேக அளவுகோலைத் தேவைக்கு மேல் இறக்கி, கலர் கெயினை (நிறத்தின் உணர்திறனை) ஏற்றினால் எந்தக் கழுத்தும் நெருப்பாகும். புரோபை அழுத்தினால் நுண்குழாய்கள் நசுங்கிக் கிரேவ்ஸும் அணைந்துவிடும். எண்ணாக ஒன்று வேண்டுமென்றால் கீழ்த் தைராய்டு தமனியில் உச்ச வேகத்தை அளக்கலாம்; கோணம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நொடிக்கு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் கிரேவ்ஸ் பக்கம் சாயலாம், ஆனால் எல்லைக்கோடு மையத்துக்கு மையம் நகரும். தைராய்டைத் தாக்கும் இன்னொரு ஆன்டிபாடி நோயான ஹாஷிமோட்டோவின் ஆரம்பத்திலும் ஓட்டம் மிகும் என்பதையும் மறக்கக்கூடாது. வேகம், கோணம் எதுவும் இல்லாமல் ‘ரத்த ஓட்டம் அதிகம்’ என்று ஒரே வரி எழுதியிருந்தால் ஏழிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிடுவேன்.

கண்ணுக்கும் நெஞ்சுக்கும் எடுக்கும் படங்கள்

ஹார்மோன் எல்லாம் சரியாக இருக்கும்போதே கண் மட்டும் பிதுங்கி வரும் கிரேவ்ஸ் உண்டு. ஒற்றைக் கண்ணாகவும் வரலாம். இங்கே தைராய்டு ஸ்கேன் உதவாது. கண்குழி சிடியோ எம்ஆர்ஐயோதான் வேண்டும். சிடி என்றால் கான்ட்ராஸ்ட் இல்லாமலே எடுக்கச் சொல்ல வேண்டும். கண்குழிக் கொழுப்பே தசையைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும். வீங்கும் வரிசை பெரும்பாலும் கீழ்த்தசை, உள்தசை, மேல்தசை, கடைசியில் வெளித்தசை. தசையின் வயிறு பருத்திருக்கும், கண்ணோடு ஒட்டும் தசைநாண் மெலிந்தபடி இருக்கும். நாணும் சேர்ந்து தடித்திருந்தால் அல்லது வெளித்தசை மட்டும் தனியாகப் பருத்திருந்தால் மயோசைட்டிஸ் (தசை அழற்சி), லிம்போமா (நிணநீர்ப் புற்று), ஐஜிஜி4 நோய் (ஒருவகை அழற்சி நோய்) என்று வேறு திசையில் தேட வேண்டும். கன்ன எலும்புகளை இணைக்கும் கோட்டிலிருந்து விழிமுனை 21 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிதுக்கம். ரிப்போர்ட்டில் தவறாமல் இருக்க வேண்டிய சொல், கண்குழி முனையில் நெரிசல் உண்டா இல்லையா என்பது. பார்வை நரம்பு நசுங்குவது அங்கேதான். வீக்கம் இன்னும் செயலில் இருக்கிறதா, தழும்பாகிவிட்டதா என்று சொல்ல எம்ஆர்ஐயின் ஸ்டிர் படம் (கொழுப்பை மறைத்து வீக்க நீரைக் காட்டுவது) வேண்டும். சிடி அதைச் சொல்லாது. எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியத்தில் அயோடின் இல்லை, எனவே பின்னால் ஸ்கேனுக்குத் தொந்தரவில்லை.

நெஞ்சுக்குள் கட்டி என்று வருபவர்களின் கதை இன்னும் சிக்கல். கிரேவ்ஸில், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி பெருக்கலாம். முன் மார்பிடைவெளியில் கட்டியாகத் தெரியும். ரேடியாலஜிஸ்ட் ‘லிம்போமா, தைமோமா (தைமஸ் கட்டி)’ என்று எழுதுவார், அடுத்தது பயாப்ஸி அல்லது நெஞ்சைத் திறப்பது. எம்ஆர்ஐயில் எதிர்க்கட்டப் படம் (கொழுப்பும் நீரும் கலந்த இடத்தை மங்கலாக்கிக் காட்டுவது) எடுத்தால் பெருத்த தைமஸில் கலந்த கொழுப்பால் ஒளி மங்கும். கட்டியில் பெரும்பாலும் மங்காது. வடிவம் முக்கோணமாக, சுற்றியிருப்பதை ஊடுருவாமல், கால்சியம் படியாமல் இருந்தால், முதலில் தைராய்டை அடக்கிவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். கிரேவ்ஸ் தைமஸ் சுருங்கிவிடும். இந்த யோசனையை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரும் ரேடியாலஜிஸ்ட் கிடைத்தால் அவரைக் கைவிடாதீர்கள்.

கைவிரல் எலும்பின் நடுத்தண்டில் பஞ்சு ஒட்டியது போலப் புது எலும்பு படரும் அக்ரோபாகியும் உண்டு, மிக அபூர்வம். சாதாரண எக்ஸ்ரே போதும். கண் பாதிப்பும் முழங்காலுக்குக் கீழே தோல் தடிப்பும் இல்லாமல் அது தனியாக வருவது அரிது.

ஸ்கேனும் டாப்ளரும் இயல்பு, ஆனால் ரத்தப் பரிசோதனை மட்டும் கிரேவ்ஸ் என்று அடித்துச் சொல்கிறது. டிஎஸ்எச் இல்லை, எஃப்டி4 உச்சம், டிஆர்ஏபியும் பாசிட்டிவ், நோயாளியோ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த முரண்பாடு வந்தால் சாப்பிடும் மாத்திரைகளை மேசைமேல் கொட்டச் சொல்லிப் பாருங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் அதிக அளவில் இருந்தால், பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் வேலைசெய்யும் கருவிகளில் மூன்று எண்களும் ஒருசேரத் தவறாகி, அச்சு அசல் கிரேவ்ஸ் போலவே வரும். குறைந்தது 2 நாள், அளவு பெரிதென்றால் இன்னும் கூடுதலாக நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை கார்பிமசோல் தொடங்கக்கூடாது.